காலை ஆறு மணி வரிசை

உங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு அதிகம் கேட்கும் சொல் எது? ‘எழுந்திரு’ என்பீர்கள். என்னைக் கேட்டால் ‘முடிஞ்சிருச்சா?’ என்பதுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்கிற கேள்வி. உள்ளேயிருந்து வரும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ‘இப்பத்தான் உள்ளே வந்தேன்!’

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள் நான். கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல் என்று சொல்லத் தொடங்கும்போதே, வீட்டுக்குள் இருக்கும் நெரிசலைப் பற்றிய செய்திகளும் வந்து விழும். சாலைக்காவது மாற்று வழி சொல்லிவிடலாம். இரண்டு குளியலறை, ஆறு பேர், ஒரே பள்ளி வேன் என்றால் என்ன வழி சொல்வது?

பலரும் கண்டுபிடிக்கும் வழி, ‘இன்னொரு பாத்ரூம் கட்டிடலாம்’ அல்லது ‘இருக்கிறதை உடைச்சுப் புதுசாக்கிடலாம்’. இரண்டும் நல்ல யோசனைகளே. ஆனால் எதை எங்கே செய்வது என்று தெரியாமல் செய்தால், பணம் கரைந்த பிறகும் கதவு தட்டும் சத்தம் ஓயாது. அதனால் இந்த வாரம் கொஞ்சம் குளியலறைக் கணக்குப் பார்ப்போம்.

அட்டவணைதான் முதல் வேலை

கிள்ளானில் என் பெரியம்மா வீடு. இருபது வருடத்துக்கு மேலான இரட்டை மாடித் தொடர்வீடு. பெரியம்மா, அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர். மூத்தவள் இரண்டாம் படிவம், அடுத்தவன் ஐந்தாம் ஆண்டு, கடைக்குட்டி முதலாம் ஆண்டு. மாடியில் ஒரு குளியலறை. கீழே அடுப்படிக்குப் பின்னால், குந்தி உட்காரும் கழிப்பறையோடு இன்னொன்று.

மாடிக் குளியலறையைப் பெரிதாக்கி, குளியல் தொட்டி வைத்து, மழைபோலக் கொட்டும் ஷவர் மாட்டுவதுதான் அண்ணனின் திட்டம். டைல்ஸ் கடையில் படம்கூட எடுத்து வைத்திருந்தார். அண்ணி வேறு ஒன்று செய்தார். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாளை ஒட்டி, ‘யார், எப்போது, எத்தனை நிமிடம், எதற்காக’ என்று நான்கு கட்டம் போட்டு, ஒரு வாரம் எல்லாரையும் எழுதச் சொன்னார்.

வார முடிவில் தாளைப் பார்த்தால் சங்கதி வேறாக இருந்தது. உள்ளே போகிறவர்களில் யாரும் அதிக நேரம் குளிக்கவில்லை. குளியல் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் பல் துலக்குவது, முகம் கழுவுவது, முகச்சவரம், தலை வாருவது, கண்ணாடி பார்ப்பது. அதாவது கதவைத் தாழிடவே தேவையில்லாத வேலைகளுக்காகத்தான் கதவு தாழிடப்பட்டிருந்தது.

இதற்கு இன்னொரு குளியலறை எதற்கு? முகம் கழுவும் தொட்டியையும் கண்ணாடியையும் குளியலறைக்கு வெளியே கொண்டுவந்தால் போதும். குளியலறைச் சுவரின் மறுபக்கமே பேசின் வைத்தால் தண்ணீர்க் குழாயும், மெல்லிய கழிவுநீர்க் குழாயும் அதே சுவரைத் துளைத்து வந்துவிடும். கழிப்பறைக்கு வேண்டிய பெரிய குழாய் தேவையில்லை. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் துலக்கலாம், மூன்றாமவர் தலை வாரலாம். இடம் இருந்தால் கழிப்பறையையும் குளிக்கும் இடத்தையும் நடுவே சுவர் வைத்துத் தனித்தனிக் கதவோடு பிரிப்பது அடுத்த படி. தோட்டப்புற லயத்து வீடுகளில் குளிக்குமிடமும் கழிப்பறையும் வேறு வேறாகத்தானே இருந்தன? ஒரு அறையை மூன்று பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தால், அது ஒரு புதுக் குளியலறை கட்டியதற்குச் சமம்.

எழுதாத ஒரு பெயர்

அந்தத் தாளில் ஒரு வரிசை மட்டும் காலியாகவே இருந்தது. பெரியம்மாவுடையது. “எனக்கு எதுக்குப்பா டைம்டேபிள்?” என்று சிரித்துவிட்டார். அண்ணி விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் வந்தது பதில்: “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்லை. குடிச்சா ராத்திரி மாடி ஏறணும்.”

பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது, மூட்டுவலி. படுப்பது கீழ் அறையில். கீழே இருக்கும் கழிப்பறையில் குந்தினால் எழுந்திருக்க முடியாது. உட்காரும் கழிப்பறை மாடியில். இருட்டில் படி ஏறப் பயந்து, மாலைத் தேநீரையே நிறுத்தியிருக்கிறார். மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதெல்லாம் வேறு கதை. மாதக்கணக்கில் இப்படி. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது என்று அவர் நினைத்திருக்கலாம்.

அன்றைக்கே குளியல் தொட்டி திட்டத்திலிருந்து போனது. முதல் செலவு கீழ்க் கழிப்பறைக்கு என்று முடிவானது. குளியலறை வேலையில் டைல்ஸ் நிறம் கடைசிக் கேள்வி. இந்த வீட்டில் யாருக்கு எது முடியவில்லை என்பதே முதல் கேள்வி.

பெரியவர்களுக்காகச் செய்யும்போது

குந்தும் கழிப்பறையை எடுத்துவிட்டு உட்காரும் கழிப்பறை வைப்பது பெரிய கட்டுமானம் இல்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் ஓர் அளவு எடுக்க வேண்டும்: பின்சுவரிலிருந்து தரையில் கழிவுக் குழாய் இருக்கும் துளையின் நடுப்புள்ளி வரை எத்தனை சென்டிமீட்டர். வாங்கும் கழிப்பறையின் அளவு அதற்குப் பொருந்தாவிட்டால் தரையை உடைத்துக் குழாயை நகர்த்த வேண்டிவரும்.

கைப்பிடிக் கம்பி அவசியம். துண்டு தொங்கவிடும் கம்பியை யாரும் கைப்பிடி என்று நினைத்துவிடக் கூடாது. அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. உடம்பு எடையைத் தாங்கும் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக முடுக்க வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு கிடைக்கிறது. அதைப் போட்டால் பெரியவர்கள் நிம்மதியாகத் தாழிட்டுக்கொள்ளலாம், நாமும் நிம்மதியாக இருக்கலாம். எதிர்காலத்தில் சக்கர நாற்காலி வரலாம் என்று தோன்றினால், வாசலை 90 சென்டிமீட்டர் அகலமாக இப்போதே வைத்துவிடுவது நல்லது. பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.

வாசலில் கால் தடுக்கும் திண்டைத் தவிர்க்கலாம். தண்ணீர் வெளியே வராமலிருக்கத் திண்டுதான் வேண்டும் என்பதில்லை. தரைச் சரிவைச் சரியாகப் போட்டு, நீண்ட வடிகால் ஒன்று வைத்தால் போதும்.

நம் வீட்டுக்கென்று ஒரு சங்கதியும் உண்டு. எண்ணெய்க் குளியல். தீபாவளி காலையில் வீடு முழுக்க எண்ணெயும் சீயக்காயும்தான். கண்ணாடிபோல மின்னும் டைல்ஸ்மேல் நல்லெண்ணெய் சொட்டினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் எடுங்கள். கடையில் காய்ந்த டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். டைல்ஸ் இடுக்குப் பூச்சும் வெள்ளையாக வேண்டாம். மஞ்சள் பூசிக் குளிக்கும் வீட்டில் வெள்ளை நிறம் ஒரு மாதம்கூடத் தாங்காது. சாம்பல் நிறம் நம் வீட்டுக்கு ஒத்துப்போகும்.

ஷவர் இருந்தாலும் வாளிக்கும் ஒரு குழாய் வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்வதே பழக்கம். தண்ணீர்த் தடை வரும் நாளிலும் அந்த வாளிதான் கைகொடுக்கும்.

புதிதாகக் கட்டுவதென்றால்

பேசினை வெளியே வைத்தும், பழையதைச் சீராக்கியும் போதவில்லை, இன்னொரு குளியலறை வேண்டியே இருக்கிறது என்றால், இடத்தைத் தேர்வு செய்வது கழிவுக் குழாய்தான், நாம் இல்லை. கழிப்பறைக் குழாய் பொதுவாக 100 மில்லிமீட்டர் விட்டம். 40-க்கு 1 என்பது கொத்தனார்கள் கையாளும் சரிவுக் கணக்கு. நான்கு மீட்டர் தூரம் போக வேண்டுமானால் பத்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தூரம் கூடக் கூடத் தரையை ஆழமாகத் தோண்ட வேண்டும், அல்லது குளியலறைத் தரையை உயர்த்த வேண்டும். அதனால்தான் ஏற்கெனவே இருக்கும் குளியலறைக்குப் பக்கத்திலோ, நேர் மேலேயோ, நேர் கீழேயோ கட்டுவது மலிவு. மாடிப்படிக்கு அடியில் கட்ட ஆசைப்படுகிறவர்கள், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் வீடுகளுக்கு ஒரே சீரான கட்டட துணைச் சட்டங்கள் 1984 என்ற விதிகள் இருக்கின்றன. கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் 0.75 மீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றும் வெளிச்சமும் வர 0.2 சதுர மீட்டராவது திறப்பு வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள்தான். கைப்பிடியும் நாற்காலியும் வைக்க இன்னும் கொஞ்சம் தாராளம் வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் நம் நாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க வெகுநாள் ஆகாது.

வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்டுவதென்றால் உங்கள் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாருமே வாங்கவில்லை என்பது காரணமாகாது. நாளை வீட்டை விற்கும்போதோ, பக்கத்து வீட்டில் விரிசல் விட்டது என்று சண்டை வரும்போதோ, அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். பின்கட்டில் இருக்கும் கழிவுநீர் ஆய்வுக் குழியின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள். அடைப்பு வந்தால் திறக்க வேறு வழியில்லை. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயிலும், கழிப்பறை நீரை மழைநீர்க் கால்வாயிலும் விடக் கூடாது என்பதையும் வேலையாளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டே சுத்தியலை எடுக்க வேண்டும். உங்கள் குளியலறையின் தரை கீழ்வீட்டுக்காரரின் கூரை. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளின்படி, கூரையில் கசிவு என்று புகார் வந்தால் நிர்வாகம் 7 நாள்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்வார்கள். மேல்வீட்டில் இருப்பவர் நீங்களென்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு வேலை

குளியலறையில் பணம் போட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, டைல்ஸுக்கு அடியில் போடும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. இடுக்குகள் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தடுப்பது அந்தப் பூச்சுதான். அது தரையோடு நிற்காமல் சுவரிலும் ஏற வேண்டும், குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு. பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டம் குறைந்ததா, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். ‘அதெல்லாம் தேவையில்லைங்க’ என்று சொல்லும் குத்தகையாளரிடம், அதுதான் எனக்குத் தேவை என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். சுடுநீர்க் கருவி ஈரமான உடம்போடு நாம் தொடும் மின்கருவி. அதற்குத் தனி மின்கம்பித் தடமும், மின்கசிவை உணர்ந்த நொடியில் துண்டிக்கும் 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கருவியும் வேண்டும். வீடு முழுவதற்கும் இருக்கும் பொதுவான ஆர்சிசிபி பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர். அது குளியலறைக்குப் போதாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரை வைத்தே செய்யுங்கள். கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் அன்று யாரும் சுடுநீரில் குளிக்க வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேரும். மாடிக் குளியலறை கூரைத் தொட்டிக்கு மிக அருகில் இருந்தால் தண்ணீர் அழுத்தம் குறைவாகவே வரும். பெரிய ஷவர் வாங்கி மாட்டிவிட்டு, சொட்டுச் சொட்டாக விழுகிறதே என்று வருந்துவதைவிட, இப்போதிருக்கும் குழாயில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடமாகிறது என்று பார்த்துவிட்டு, பம்ப் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

குத்தகையாளரும் காசும்

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய ஒற்றை வரித் தாளை வாங்காதீர்கள். உடைப்பது, குப்பை அள்ளுவது, குழாய், நீர்க்கசிவுப் பூச்சு, டைல்ஸ், மின்வேலை என்று பிரித்து எழுதி வாங்கினால்தான் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். விலை குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் எதையோ எழுதாமல் விட்டிருப்பார். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

பணத்தை வேலையோடு சேர்த்து நகர்த்துங்கள். முன்பணம் கொஞ்சம், குழாய் வேலை முடிந்ததும் ஒரு பகுதி, தண்ணீர் தேக்கிய சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசியில் பத்து விழுக்காடாவது கையில் வைத்து, இரண்டு வாரம் குளித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சுவரை மூடும் முன் குழாய்கள் ஓடும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களுக்குத் தேவைப்படும்.

சொன்னபடி செய்யாமல் போனால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம். எழுத்தில் ஒப்பந்தமும், பணம் கொடுத்த ரசீதும், படங்களும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு குளியலறையையும் ஒரே நேரத்தில் உடைத்துவிடாதீர்கள். ஒன்று முடிந்து, தண்ணீர் ஓடிப் பார்த்த பிறகே அடுத்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கவும் வேண்டாம். சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கும் வீட்டு வேலையைக் கேள்விப்பட்டவர்கள் எனக்கு எழுதுங்கள்.

கிள்ளான் வீட்டில் இப்போது மாடியில் குளியலறைக்கு வெளியே ஒரு பேசின், ஒரு நீளக் கண்ணாடி. கடைக்குட்டிக்கு எட்டும் உயரத்தில் மூன்று கொக்கி. கீழே உட்காரும் கழிப்பறை, இரண்டு கைப்பிடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. குளியல் தொட்டி இல்லை. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பெரியம்மா மாலைத் தேநீருக்குத் திரும்பிவிட்டார். யாரையும் எழுப்பாமல், யார் கையையும் பிடிக்காமல், தானே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். வயதானவர்கள் நம்மிடம் கேட்கத் தயங்குவது பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது.

நீங்களும் இந்த வாரம் ஒரு தாள் ஒட்டுங்கள். ஏழு நாள் கழித்துப் பாருங்கள். அதிகம் எழுதியவரை விடுங்கள். எதுவுமே எழுதாதவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். டைல்ஸ் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.